நகர மண்ணில் நஞ்சு: தீங்கினை மதிப்பிடும் முறை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை அடுத்துள்ள பழவங்காடி, பிள்ளையார் கோயிலால் பெயர் பெற்ற இடமாகும். சாலைக் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் அண்மையில் இருத்தலின், ஊர்திகள் இவ்வழியே ஓயாது செல்கின்றன. இத்தகைய பாதையோரத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் பார்த்தால், அதில் நஞ்சு உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. உண்டெனச் சோதனைக் கூடம் கூறினும், அதனால் யாருக்கு எவ்வளவு தீங்கு என்பது வேறொரு வினாவாகும். அவ்வினாவிற்கு விடை காணும் முறையே இப்பாடத்தின் பொருள்.

நஞ்சு சேரும் வழிகள்

பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் கலக்கும் வழக்கம் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் முற்றிலும் நிறுத்தப்பட்டது. எனினும் ஈயம் மக்கி அழியும் பொருளன்று. செம்மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் அதனைப் பற்றிக்கொள்வதால், அது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, பழைய பெருவழிகளின் ஓரங்களில் அதன் எச்சம் இன்றும் இருக்கக்கூடும். பழைய வண்ணப்பூச்சின் செதில்கள், மின்கலங்களைப் பழுதுபார்க்கும் இடங்களின் கழிவு ஆகியவற்றாலும் ஈயம் சேர்கிறது. ஊர்திகளின் சக்கரத் தேய்மானம் துத்தநாகத்தையும், தடைக்கட்டைகளின் தேய்மானம் செம்பையும் தருகின்றன.

பெருமழை மேற்பரப்புத் தூளை வாரி ஓடைகளிற் சேர்க்கிறது. தம்பானூர், பழவங்காடிப் பகுதிகளின் வழியே செல்லும் ஆமயிழஞ்சான் தோடு போன்ற நகர ஓடைகளைத் தூர்வாரும்போது, அள்ளிய சேற்றைச் சோதியாமல் கரையிற் பரப்புவது தகாது. மழை கொண்டுசென்ற நஞ்சை மக்கள் நடமாடும் இடத்திற்கு நாமே மீட்டுக் கொணர்வதாக அது முடியலாம்.

நான்கு படிகள்

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1983-இல் வகுத்த முறை இன்றும் பல நாடுகளிற் பின்பற்றப்படுகிறது. முதலாவது, எப்பொருள் எத்தீங்கை விளைக்கும் என அறிதல். இரண்டாவது, எவ்வளவு உட்சென்றால் எவ்வளவு தீங்கு எனக் காணுதல். மூன்றாவது, அம்மண்ணோடு பழகும் மக்களின் உடலுள் அது எவ்வழியில், எவ்வளவு செல்கிறது எனக் கணித்தல். நான்காவது, இவற்றை ஒன்றுசேர்த்து முடிவு கூறுதல். மூன்றாம் படியே களப்பணியாளர் நேரிற் கண்டு உதவ வேண்டிய இடமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கிலோ மண்ணில் 5 மில்லிகிராம் காட்மியம் உள்ளது எனக் கொள்வோம். இது கணக்கிற்காகக் கொண்ட அளவே, பழவங்காடியில் அளந்ததன்று. 15 கிலோ எடையுள்ள குழந்தை, கையை வாயில் வைப்பதால் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குவதாகக் கணக்கிடுவது வழக்கம். அவ்வாறாயின் உட்செல்லும் காட்மியம் 0.001 மில்லிகிராம், எடையால் வகுக்க, கிலோ எடைக்கு 0.000067 மில்லிகிராம். வாழ்நாள் முழுதும் உணவின் வழி உட்சென்றாலும் தீங்கு நேராதெனக் கருதப்படும் நாளளவு, கிலோ எடைக்கு 0.001 மில்லிகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் தீங்கு விகிதம் 0.067 ஆகும். இவ்விகிதம் 1-ஐத் தாண்டினால் அஞ்சத்தக்கது.

இனி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே மண்ணில் 100 மில்லிகிராம் விழுங்குவதாகக் கொண்டால், விகிதம் 0.0083 மட்டுமே. மண் ஒன்றே, ஆயினும் குழந்தைக்குரிய விகிதம் எட்டு மடங்காகிறது. மண்ணிலுள்ள நஞ்சின் அளவு மட்டுமே தீங்கின் அளவு ஆகாது என்பது இதனாற் புலனாகும். மேலும், காட்மியம் உணவின் வழியும் உடலிற் சேர்வதால், மண்ணுக்குரிய விகிதம் சிறிதாயிருப்பது கொண்டே அமைதி அடைதல் கூடாது. எல்லா வழிகளையும் கூட்டிப் பார்த்தே முடிவு கூறல் வேண்டும்.

ஈயத்திற்குத் தனி நெறி

ஈயத்திற்கு இக்கணக்குப் பொருந்தாது. தீங்கற்றது எனத் தக்க அளவு எதுவும் அதற்கு அறியப்படவில்லை. உட்சென்ற ஈயத்தில் இளங்குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும் பங்கு, பெரியவர்க்குரியதைப் போல் நான்கைந்து மடங்கு. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைகளிடம் இது இன்னும் மிகும். கேடு மூளை வளர்ச்சியைத் தாக்குவது. பின்னர் முற்றிலும் மீட்க இயலாதது. குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்க அரசு 1994 முதல் கிலோவிற்கு 400 மில்லிகிராம் எனக் கொண்டிருந்த ஆய்வு எல்லையை 2024-இல் 200 ஆகக் குறைத்ததற்கு இவ்வறிவே காரணம்.

மண்ணெடுக்கும் முறை

குழந்தைகள் விளையாடும் இடத்திலேயே முதலில் மண் எடுக்க வேண்டும். மேலே இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழத் தோண்டினால் தூய மண் கலந்து உண்மை மறையும். ஒரே தன்மையுள்ள பல புள்ளிகளில் எடுத்து ஒன்றாகக் கலக்கலாம். பாதையோர மண்ணையும் விளையாட்டிடத்து மண்ணையும் கலத்தல் தவறு. துத்தநாகப் பூச்சுள்ள கருவி ஆகாது. துருப்பிடியா எஃகுக் கரண்டி ஏற்றது. கைகளில் ஒட்டுவது நுண்தூளே ஆதலால், உலர்த்திய மண்ணை 0.15 மில்லிமீட்டர் சல்லடையிற் சலித்துச் சோதனைக்கு அனுப்புக. போக்குவரத்து இல்லாத இடத்திலிருந்து அதே வகை மண்ணையும் ஒப்புநோக்க எடுத்தல் இன்றியமையாதது. சில உலோகங்கள் இயற்கையாகவே மண்ணில் உள்ளன.

உடனே செய்யத்தக்கவை

முடிவு வரும்வரை காத்திராமல், வெற்று மண்ணைப் புல்லாலோ தூய மண்ணாலோ மூடலாம். பள்ளி அறைகளை உலர்ந்த துடைப்பத்தாற் பெருக்குவதை விடுத்து ஈரத்துணியால் துடைக்கலாம். உண்ணுமுன் கை கழுவும் பழக்கம் நஞ்சு செல்லும் வழியையே அடைக்கிறது.

பயிற்சி: ஆசிரியர் தம் பள்ளியின் வரைபடத்தை மாணவரைக் கொண்டு வரையச் செய்து, வெற்று மண் உள்ள இடங்களையும் சிறு குழந்தைகள் அமரும் இடங்களையும் குறிக்கச் செய்க. இரண்டும் கூடும் இடமே முதலில் மண் எடுக்க வேண்டிய இடம்.