எதனுடன் எதைச் சேர்க்கலாம்? – தனிமங்களின் குணமும் உழவர் கவனமும்

நான் வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் வயலில் நெல் தரிசு உளுந்து பூக்கத் தொடங்கியிருந்தது. 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டிய நாள். இலைகள் சற்று வெளுத்துக் காணப்பட்டதால் துத்தநாக சல்பேட்டும் தெளிக்கலாம் என்று என் தந்தையார் கருதினார். இரண்டுக்கும் தனித்தனியே ஆள் விட வேண்டாமே என்று, முதல் நாள் ஊறவைத்து வடித்த டி.ஏ.பி. தெளிவிலேயே துத்தநாக சல்பேட்டையும் போட்டுக் கலக்கினார். சிறிது நேரத்தில் கரைசல் திரிந்த பால்போல் வெளுத்தது. அடியில் மாவு படிந்தது. தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டது. கழற்றிக் கழுவி, மீண்டும் பூட்டித் தெளித்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. பாதி வயலுக்குக்கூட மருந்து போய்ச் சேரவில்லை. உரத்துக்குக் கொடுத்த பணமும் ஆளுக்குக் கொடுத்த கூலியும் வீண். மறுபடி உரம் வாங்கி வருவதற்குள் பூக்கும் பருவமும் கடந்துவிட்டது.

"ரெண்டும் உரந்தானேப்பா, ஒண்ணாச் சேர்த்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று அப்பா கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பறைச் சுவரில் தொங்கிய தனிம வரிசை அட்டவணையிலேயே அந்த விடைக்கான வழி இருந்தது என்பது பின்னரே புரிந்தது. அந்த அட்டவணையை உழவர் கண்ணோட்டத்தில் எப்படிப் படிப்பது என்பதை இங்கே காண்போம்.

தனிமங்களின் குடும்ப அட்டவணை

மண், நீர், காற்று, பயிர், உரம் அனைத்தும் தனிமங்களால் ஆனவை. இன்று அறியப்பட்டுள்ள தனிமங்கள் 118. இவற்றை ஓர் ஒழுங்கில் அடுக்கிக் காட்டுவதே தனிம வரிசை அட்டவணை. 1869ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டு அறிஞர் மெண்டலீவ், அப்போது தெரிந்திருந்த 63 தனிமங்களை எடை வரிசையில் அடுக்கியபோது, ஒத்த குணமுள்ளவை குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்தார். பொருத்தமான தனிமம் கிடைக்காத இடங்களைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டியதன் குணங்களை முன்கூட்டியே எழுதிவைத்தார். காலியம் 1875லும், ஸ்காண்டியம் 1879லும், ஜெர்மானியம் 1886லும் கண்டுபிடிக்கப்பட்டு அந்த இடங்களை நிரப்பின. மெண்டலீவ் 1865இல் பண்ணை ஒன்றை வாங்கித் தம் வயலிலேயே உரச் சோதனைகள் நடத்தியவர் என்பது உழவர்கள் அறிய வேண்டிய செய்தி.

அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் பத்தியைத் தொகுதி என்கிறோம். ஒரே தொகுதியில் உள்ளவை பங்காளிகள் போன்றவை; குணத்தில் ஒத்திருக்கும். இடப்புறம் உலோகங்கள், வலப்புற மேல்பகுதியில் நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின் போன்ற அலோகங்கள். உலோகம் தன் எலக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புடையது. அலோகம் அதை வாங்கிக்கொள்ளும் அல்லது பங்கிட்டுக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலே வேதிவினை. அதன் பயனாகத் தோன்றும் மின்னூட்டம் பெற்ற துகளுக்கு அயனி என்று பெயர். நாம் இடும் உரங்களிலிருந்து பயிரின் வேர் சத்துகளைப் பெரும்பாலும் அயனி வடிவிலேயே எடுத்துக்கொள்கிறது.

பயிர் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை 17 தனிமங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் மற்றவை மிகுதியாக இருந்து பயனில்லை.

மயில்துத்தமும் அரிவாளும்

எல்லா உலோகங்களும் ஒரே வேகத்தில் எலக்ட்ரானைக் கொடுப்பதில்லை. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம், செம்பு, வெள்ளி, தங்கம் என்று வீரியம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். சோடியம் தண்ணீர் பட்டாலே சீறி வினைபுரியும் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அதை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்திருப்பார்கள். தங்கமோ ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தாலும் மாறுவதில்லை.

இவ்வரிசையில் முன்னே நிற்கும் உலோகம், பின்னே நிற்கும் உலோகத்தை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ளிவிடும். இதை உழவர்கள் தம் கையாலேயே செய்து பார்க்கலாம். மயில்துத்தம் என்னும் தாமிர சல்பேட் கரைசலில் பளபளப்பான அரிவாளை ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். அரிவாள்மீது செந்நிறமாகச் செம்பு படிந்திருக்கும். இரும்பு கரைசலுக்குள் சென்று, செம்பை வெளியே தள்ளியிருக்கிறது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் தயாரிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், திருட்டுக்கு அஞ்சிச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் பூசப்பட்ட இக்கலவை அடிச்சாம்பல் நோயைத் தடுத்ததை மில்லார்டே என்ற அறிஞர் கவனித்து, 1885இல் வெளியிட்டார். இன்றும் பயன்படும் மருந்து இது.

1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். மண், மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் ஏற்றது. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பிறகு அதே அரிவாள் சோதனையைச் செய்ய வேண்டும். செந்நிறம் படிந்தால், சுண்ணாம்புடன் சேராத தாமிரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அப்படியே தெளித்தால் இலை கருகும். செந்நிறம் படியாத வரை சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசுவதும் இதே தத்துவம். துத்தநாகம் வரிசையில் முன்னே நிற்பதால் தான் முதலில் அரிந்து, இரும்பைக் காக்கிறது. பூச்சு தேய்ந்த ஜி.ஐ. குழாய் விரைவில் துருப்பிடிப்பதை அனைவரும் கண்டிருப்பர்.

சோடியமும் கால்சியமும்

களர் நிலத்தில் நடப்பது வேறு வகைப் போட்டி. இங்கே சோடியமும் கால்சியமும் உலோகமாக இல்லை, அயனிகளாக உள்ளன. முதல் தொகுதியைச் சேர்ந்த சோடியத்துக்கு ஒரு நேர்மின்னூட்டம். இரண்டாம் தொகுதியைச் சேர்ந்த கால்சியத்துக்கு இரண்டு. களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. அதன்மேல் சோடியம் மிகுந்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து, நுண்துளைகளை அடைத்துவிடும். நீர் இறங்காது. காய்ந்தால் மேலே இறுகும். நனைந்தால் சேறாகக் குழையும். கார அமில நிலை 8.5க்கு மேல் சென்றுவிடும்.

இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியத்தைக் களிமண் இறுகப் பற்றும். எனவே ஜிப்சம் இட்டு நீர் தேக்கினால் கால்சியம் களிமண்ணில் அமர்ந்து, சோடியத்தை நீக்குகிறது. விலகிய சோடியம் சல்பேட்டுடன் சேர்ந்து நீரில் கரைந்து நிற்கும். அந்த நீரை வடித்தால்தான் வேலை முடியும். ஜிப்சம் இட்டும் பலன் இல்லை என்று கூறும் வயல்களில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. விலகிய சோடியம் வயலிலேயே தங்கிவிட்டால் இட்ட பணம் வீண்.

1 கிலோ சோடியத்தை நீக்கச் சுமார் 3.7 கிலோ தூய ஜிப்சம் தேவைப்படும். ஜிப்சத்தை டன் கணக்கில் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. எவ்வளவு இடவேண்டும் என்பதை மண் ஆய்வு செய்தே முடிவு செய்ய வேண்டும். நிலத்தைச் சமன் செய்து, வரப்பும் வடிகாலும் அமைத்து, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, 10 செ.மீ. உயரத்துக்கு நீர் தேக்கி, 24 மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். இவ்வாறு நான்கைந்து முறை செய்த பின் தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுது, திருச்சி 1, திருச்சி 3 போன்ற களரைத் தாங்கும் நெல் இரகங்களைப் பயிரிடலாம்.

துத்தநாகமும் மணிச்சத்தும்

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். டி.ஏ.பி. கரையும்போது பாஸ்பேட் அயனி வெளிப்படுகிறது. துத்தநாக சல்பேட் கரையும்போது துத்தநாக அயனி வெளிப்படுகிறது. இரண்டும் சந்தித்தால் துத்தநாக பாஸ்பேட் உண்டாகும். அது நீரில் எளிதில் கரையாது. அன்று வாளியில் படிந்த வெள்ளை மாவு அதுதான். தழைச்சத்து கரைசலிலேயே இருந்தாலும், மணிச்சத்தில் ஒரு பகுதியும் துத்தநாகமும் மாவாகப் படிந்து இலைக்குப் பயன்படாமல் போயின.

பொதுவாக, சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றின் பாஸ்பேட் உப்புகள் கரையும். கால்சியம், துத்தநாகம், இரும்பு, தாமிரம் ஆகியவற்றின் பாஸ்பேட் உப்புகள் எளிதில் கரைவதில்லை. இதை நினைவில் வைத்தால் பல தவறுகளைத் தவிர்க்கலாம். சொட்டு நீர்ப் பாசனத்தில் கால்சியம் நைட்ரேட்டையும் மணிச்சத்து உரத்தையும் ஒரே தொட்டியில் கரைத்தால் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

யூரியாவின் நிலை வேறு. அது கரையும்போது அயனிகளாகப் பிரிவதில்லை. ஆகவே துத்தநாகத்தைப் படியவைப்பதும் இல்லை. நெற்பயிரில் துத்தநாகப் பற்றாக்குறை தென்பட்டால் 0.5 சத துத்தநாக சல்பேட்டையும் 1 சத யூரியாவையும் சேர்த்தே தெளிக்கலாம். 200 லிட்டர் நீருக்கு முறையே 1 கிலோவும் 2 கிலோவும் போதும். நெல்லில் "கைரா" எனப்படும் துரு நிறப் புள்ளி நோய் துத்தநாகக் குறைவால் வருவது என்பதை 1966இல் பந்த்நகரில் டாக்டர் ஒய்.எல். நேனே கண்டறிந்தார். வருமுன் காக்க, நடவுக்குச் சற்று முன் எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து சீராகத் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்துடன் கலந்து தூவக் கூடாது.

இருந்தும் கிடைக்காத இரும்பு

ஓர் எக்டரின் மேல்மண் சுமார் 20 இலட்சம் கிலோ. அதில் 2 சதம் இரும்பு இருந்தாலே 40 டன் ஆகிறது. பயிருக்கு வேண்டியதோ மிகச் சிறிதளவு. அப்படியிருந்தும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் இளம் இலைகள் வெளுக்கின்றன. இரும்புக்கு இரண்டு அயனி நிலைகள் உண்டு. இரண்டு எலக்ட்ரான் இழந்தது ஃபெரஸ், எளிதில் கரையும். மூன்று இழந்தது ஃபெரிக். காற்றோட்டமும் காரத்தன்மையும் உள்ள மண்ணில் துருப்போல் இறுகிக் கரையாமல் நிற்கும். நீர் தேங்கிய நெல் வயலில் காற்று குறைவதால் ஃபெரிக் மீண்டும் ஃபெரஸாக மாறுகிறது. அதனால்தான் நீர் கட்டிய வயலில் இரும்புப் பற்றாக்குறை அரிது. மேட்டு நாற்றங்காலில் காணப்படுகிறது.

அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட் வாங்கும்போது வெளிர் பச்சை நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பேறியிருந்தால் அது காற்றுடன் வினைபுரிந்து பயன் குறைந்துவிட்டது. நிலக்கடலைக்கு 1 சதக் கரைசலை அன்றன்றே தயாரித்து, தாமதமின்றித் தெளிக்க வேண்டும்.

பங்காளி வேடத்தில் வரும் நஞ்சு

ஒரே குடும்பத்துத் தனிமங்களை வேர் சில சமயம் வேறுபடுத்தி அறிவதில்லை. துத்தநாகத்தின் கீழே நிற்பது காட்மியம். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை வயல்களில் சுரங்கக் கழிவு நீர் பாய்ந்ததால் காட்மியம் நெல்லில் ஏறி, மக்களின் எலும்பை நொறுக்கும் "இத்தாய் இத்தாய்" நோய் உண்டாயிற்று. 1968இல் அந்நாட்டு அரசு இதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. பாஸ்பரஸின் கீழே நிற்கும் ஆர்சனிக்கும், அதன் ஆர்சனேட் வடிவில், பாஸ்பேட் செல்லும் வழியாகவே வேருக்குள் புகும்.

இதே உண்மையை நன்மைக்கும் பயன்படுத்தலாம். 2011இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், கதிரியக்க சீசியம் நெல்லில் ஏறாமல் தடுக்க, அதன் குடும்பத்தைச் சேர்ந்த பொட்டாசியத்தை வயலில் கூடுதலாக இட்டனர். வேண்டிய சத்து போதுமான அளவில் இருந்தபோது நஞ்சுக்கு இடம் குறைந்தது. ஆலைக் கழிவு நீரையோ, மூலம் தெரியாத கழிவையோ எருவென்று நம்பி வயலில் விடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. துத்தநாகம், இரும்பு, தாமிரம், கால்சியம் ஆகியவற்றின் உப்புகளை டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றுடன் கலக்கக் கூடாது.

2. அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி. போன்ற அம்மோனிய உரங்களைச் சுண்ணாம்புடன் கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடியே அதற்கு அடையாளம்.

3. மயில்துத்தக் கரைசலுக்கு இரும்புப் பாத்திரம் ஆகாது.

4. ஜிப்சம் இடுமுன் வடிகாலை அமைக்க வேண்டும்.

5. சேர்க்கலாமா என்ற ஐயம் வந்தால், இரண்டு கரைசல்களையும் தெளிக்கும் அளவிலேயே கண்ணாடிக் குவளையில் சிறிது கலந்து, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினாலோ, படிந்தாலோ, சூடேறினாலோ, நெடி வந்தாலோ சேர்க்கக் கூடாது. தெளிவாக இருந்தாலும் பரிந்துரை உள்ளதா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே தெளிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வாளிகள் உள்ளன. டி.ஏ.பி.க்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று. இரண்டு தெளிப்புக்கும் இடையில் சில நாட்கள் விடுகிறார் அப்பா. ஓர் ஆள் கூலி கூடுதல்தான். ஆனால் வாங்கிய உரம் வாளியின் அடியில் தங்காமல் பயிருக்குப் போய்ச் சேருகிறது.