இரத்தம் உறைதலும் விரியன் கடியும்

ஆடு அறுக்குமிடத்தில் அப்போதே பிடித்த இரத்தத்தை ஒரு பாத்திரத்திலிட்டு, ஈர்க்குக் கற்றையொன்றினால் சில நிமிஷங்கள் விடாமல் கடைந்தால், ஈர்க்குகளில் நார் நாராக ஒரு பொருள் சுற்றிக்கொள்ளும். அதை நீரில் அலசினால் செந்நிறம் நீங்கி வெண்மையாகத் தோன்றும். இதுவே பைப்ரின் என்னும் புரதம். பாத்திரத்தில் எஞ்சிய இரத்தம் நிறத்தில் முன்போலவே இருக்கும். சிவப்பணுக்களும் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கும். ஆயினும் அது எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் உறையாது. கடையாமல் விட்ட மற்றொரு பங்கோ சில நிமிஷங்களிலேயே கூழ்போல இறுகிவிடும். பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் இச்சோதனையை ஆசிரியர்கள் நன்கறிவர். கண்ணாடி விரியன் தீண்டியவரின் இரத்தக் குழாய்களுக்குள் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

இரத்த அணுக்கள் பிறக்குமிடமும், உறைதலுக்கு வேண்டிய புரதங்கள் பிறக்குமிடமும் வெவ்வேறானவை. அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன. இதனை 1868-ஆம் ஆண்டில் பிரஷ்யாவில் நாய்மானும் இத்தாலியில் பிட்சொசெரோவும் தனித்தனியே வெளியிட்டனர். வளர்ந்தவரிடம் முதுகெலும்பு, விலா, மார்பெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றிலுள்ள செம்மஜ்ஜையே இத்தொழிலைப் பெரும்பாலும் நடத்துகிறது. ஒரே வகை மூல அணுவிலிருந்து சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகியன கிளைக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அழிபவற்றை ஈடுசெய்ய மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை ஆக்க வேண்டியிருக்கிறது. தட்டணு என்பது முழு அணுவன்று; மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து உதிரும் துணுக்கு. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள் வரை. உறைதலுக்கான புரதங்களில் மிகப் பலவும், அவற்றுள் தலையாய பைப்ரினோஜனும், கல்லீரலில் உண்டாகின்றன. 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் பைப்ரினோஜன் கரைந்திருக்கும்.

காயம் பட்டவுடன் குழாய் சுருங்குகிறது. தட்டணுக்கள் கிழிந்த இடத்தில் ஒட்டித் தற்காலிகமாக அடைக்கின்றன. இதற்கிடையில் பிளாஸ்மாவில் உறங்கிக் கிடக்கும் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பத் தொடங்குகின்றன. முன்னது சிறிதளவே விழித்தாலும் அடுத்தது பன்மடங்காக விழிக்கும். 1964-இல் மக்பார்லேன் இங்கிலாந்திலும், டேவி, ரட்னாப் ஆகியோர் அமெரிக்காவிலும் இதனைப் படிப்படியாக இறங்கும் அருவிக்கு ஒப்பிட்டனர். அருவியின் அடிவாரத்தில் தோன்றும் திராம்பின், கரைந்துள்ள பைப்ரினோஜனைக் கரையாத பைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இவ்விழைகளின் வலையில் அணுக்கள் சிக்கியே உறைகட்டி உண்டாகிறது. வேலை முடிந்தபின் அதைக் கரைப்பதற்கும் பிளாஸ்மின் என்னும் புரதம் உண்டு.

கண்ணாடி விரியனின் நஞ்சு இந்த அருவியின் நடுவில் நுழைகிறது. 10-ஆம் காரணியையும் 5-ஆம் காரணியையும் நேராகவே எழுப்பிவிடுகிறது. சுருட்டை விரியனின் நஞ்சோ இன்னும் கீழே இறங்கிப் புரோத்திராம்பினையே தாக்குகிறது. ஆகவே சோதனைக் குழாயில் இந்நஞ்சு இரத்தத்தை விரைவில் உறையச் செய்யும். 1934-இல் மக்பார்லேனும் பார்னெட்டும், இரத்தம் உறையாத பரம்பரை நோயாளிகளின் காயத்தில் கண்ணாடி விரியன் நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து பூசிப் பயன் கண்டனர். உறையச் செய்யும் அதே நஞ்சு கடியுண்டவரின் இரத்தத்தை உறையாததாக்குவது முரண்போலத் தோன்றலாம். காயத்தில் பூசிய நஞ்சு ஓரிடத்தில் நிற்கிறது. கடித்துச் செலுத்திய நஞ்சோ உடலெங்கும் பரவுகிறது. எங்கும் நுண்ணிய பைப்ரின் தோன்றுகிறது. பிளாஸ்மின் உடனுக்குடன் அதைக் கரைக்கிறது. பைப்ரினோஜன் செலவழிந்து தீர்ந்துபோகிறது. ஈறிலிருந்தும், சிறுநீரிலும், ஊசி குத்திய துளையிலிருந்தும் இரத்தம் கசிவது அதன் பின்னரே.

இதனை அறிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நாளத்திலிருந்து எடுத்த 2 மில்லிலிட்டர் இரத்தத்தை விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பின் ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். நீராக ஓடினால் பைப்ரினோஜன் தீர்ந்ததென்று பொருள். பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. சலவைத் தூளால் கழுவிய குழாயும் உதவாது. கண்ணாடியின் பரப்பே 12-ஆம் காரணியை எழுப்பி உறைதலைத் தொடங்கி வைக்கிறது. பொருத்தமற்ற குழாயில், கடியுறாத ஒருவரின் இரத்தமும் ஓடி, வேண்டாத மருந்துக்கு வழிசெய்யும். ஐயமிருந்தால் நலமுள்ள ஒருவரின் இரத்தத்தை அதே வகைக் குழாயில் வைத்து ஒப்பிடலாம். இரத்தம் உறைந்துவிட்டதென்று நோயாளியை உடனே வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. நஞ்சு பரவச் சற்று நேரமாகும். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் இரத்தம் உறைந்தே இருக்க, நரம்பே தாக்குண்ணும். ஆதலால் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும்.

கடிவாயைக் கீறி இரத்தம் வடிக்கும் பழக்கம் இவ்விடத்திலேதான் உயிருக்கு உலையாகிறது. உறையாத இரத்தமுள்ளவருக்குக் கீறலும் ஒரு பெருங்காயமே. தசையில் ஊசி போடுதலும் ஆகாது. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூரினர்.

நஞ்சுமுறி மருந்து பைப்ரினோஜனைத் தருவதில்லை. அதனை அழிக்கும் நஞ்சை மட்டுமே கட்டுகிறது. இழந்ததைக் கல்லீரல்தான் மீண்டும் ஆக்குகிறது. அதற்குச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும். மருந்து கொடுத்த 6 மணி கழித்துக் குழாய்ச் சோதனையை மீண்டும் செய்வதன் காரணம் இதுவே. அப்போதும் இரத்தம் ஓடினால் நஞ்சு இன்னும் எஞ்சியுள்ளது எனக் கொண்டு மருத்துவர் மருந்தை மறுபடியும் செலுத்துவார்.

கல்லீரல் மணிக்கணக்கில் ஈடுசெய்வதை மஜ்ஜை அவ்வாறு செய்ய இயலாது. கசிந்துபோன சிவப்பணுக்கள் நிறைவாக மீள வாரங்கள் செல்லும். அதற்கு இரும்புச் சத்தும் வேண்டும். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். களையெடுக்கும்போது கடியுண்டு பிழைத்து வீடு திரும்பிய பெண்ணை, களப்பணியாளர் சில வாரங்களுக்குப் பின் மறுபடியும் சென்று கண்டு, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, வேண்டுமாயின் இரும்புச் சத்து மாத்திரை கிடைக்கச் செய்தல் வேண்டும். சிறுநீர் குறைந்ததா என்பதையும் அப்போது கேட்டறிய வேண்டும். கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை.