பேர் ரெண்டு, ரிஸ்க் ஒண்ணு

எங்க பெரியப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருந்தார். கூடவே முட்டை ஏத்த ஒரு லாரி, ஒரு தீவனக் கடை. "மூணு தொழில் இருக்கு, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்"னு சொல்வாராம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. எங்கேயோ வந்த நோய்தான்; ஆனா இங்கே முட்டை விலை சரிஞ்சது. லாரிக்கு லோடு இல்லை, தீவனமும் விக்கலை. மூணும் சேர்ந்தே படுத்தது.

ஷேர் வாங்கும்போது நாமும் இதே தப்பைத்தான் பண்றோம்.

பள்ளிபாளையத்தையே எடுத்துக்குவோம். அங்கே சேஷசாயி பேப்பர், பொன்னி சுகர்ஸ் என்று பங்குச்சந்தையில் உள்ள ரெண்டு கம்பெனிகளின் ஆலைகள் இருக்கு. ஒண்ணு காகிதம், ஒண்ணு சர்க்கரை. ரெண்டையும் வாங்கினா ரிஸ்க் பிரிஞ்சிடுமா? சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கைதான் காகித ஆலைக்கு ஒரு மூலப்பொருள். ரெண்டும் ஒரே குழுமம். மழை பொய்த்து கரும்பு குறைஞ்சா ரெண்டு இடத்திலும் உறைக்கும். (வாங்கு, வாங்காதேன்னு சொல்லலை, இது உதாரணம் மட்டும்.)

இதைக் கணக்காக்கியவர் ஹாரி மார்கோவிட்ஸ், 1952-ல். ரெண்டு ஷேர், ஒவ்வொன்றின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 20%, பணம் பாதிக்குப் பாதி. கோரிலேஷன் 1 என்றால் மொத்த ரிஸ்க் அதே 20%. கோரிலேஷன் 0 என்றால் சுமார் 14%. அதனால எத்தனை ஷேர் இருக்குன்னு எண்ணாதீங்க. எது எதோட சேர்ந்து ஆடுதுன்னு பாருங்க.

ஒவ்வொரு கம்பெனியிடமும் மூணு கேள்வி கேளுங்க:

1. லாபம் எதை நம்பி இருக்கு? மழையா, ஸ்டீல் விலையா, வட்டி விகிதமா?
2. கடன் எவ்வளவு? தொழில் மந்தமானாலும் வட்டி நிக்காது.
3. எவ்வளவு பெரிய கம்பெனி? மார்க்கெட் மதிப்பில் முதல் 100 லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், மீதி ஸ்மால் கேப். சின்ன கம்பெனி ஷேரை அவசரத்துக்கு விக்கிறது கஷ்டம்.

நாலாவது கேள்வி நமக்கு: இந்தப் பணம் எப்போ வேணும்?

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13% விழுந்தது. எப்படிப் பிரிச்சு வெச்சிருந்தாலும் அன்னைக்கு அடி விழுந்திருக்கும். காத்திருக்க முடிஞ்சவங்க மீண்டாங்க.

என்கிட்ட இன்டர்ன்ஷிப் பணம் 40,000 இருக்கு. அதில் 25,000 ஜூன் மாசம் தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு. எனக்கு தைரியம் இருக்கு, ஆனா அந்தப் பணத்துக்குக் காத்திருக்க நேரம் இல்லை. அது பேங்க்லயே இருக்கட்டும். மீதி 15,000-ல்தான் என் போர்ட்ஃபோலியோ.