வியாபாரக் குறியும் இணையப் பெயரும்

தேயிலைப் பொதிகளிற் சிங்க முத்திரையைக் கண்டிருக்கின்றோம். அது இலங்கைத் தேயிலைச் சபையின் உடைமை. கலப்பற்ற இலங்கைத் தேயிலையாய், இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்டதாய் இருந்தாலன்றி அதனைப் பொறிக்கச் சபை இடங்கொடாது.

வெள்ளாங்குளத்திற் கருவாடு விற்பவரும் தமக்கெனக் குறியொன்றை உடைமையாக்கலாம். 'கருவாடு' என்ற வெறும் பொருட்பெயர் குறியாகாது, தனித்தன்மை வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிந்த குறி 10 ஆண்டு செல்லும்; பின்னர் புதுப்பிக்கலாம்.

இணையப் பெயரோ வேறு. '.இலங்கை' என முடியும் பெயரைத் தமிழிலேயே பெறலாம்; ஆயின் அது கடைக்கு வழிகாட்டும் விலாசமே. விலாசத்தை வாங்கியதனால் மட்டும் குறி நமதாகிவிடாது. ஏமாற்றம் நேர்வது இங்கேதான். பெயர் சந்தையிற் பிடித்தபின் பிறரொருவர் அதைப் பதிந்துவிட்டால், வழக்காடி மீட்பது சிறு வியாபாரிக்கு எளிதன்று. ஆதலின் முதற் பொதியை லொறியில் ஏற்றுமுன்னரே கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அப்பெயர் எவர்க்கேனும் உரியதோவெனத் தேடிப் பார்த்துவிடல் நன்று.