கடன் தீரும் வழி

விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டியை அடுத்து மல்லாங்கிணறு என்னும் பேரூர் உள்ளது. அங்கிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி நோக்கிச் செல்வோர் இருமருங்கும் பெரும்பாலும் கரிசல் நிலத்தையே காண்பர். அது மானாவாரி நிலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் பொழிந்தால் பருத்தியும் சோளமும் கம்பும் விளையும். பொய்த்தால் கண்மாயும் வறண்டுவிடும். விதைக்கும்போது செலவு உறுதி. அறுக்கும்போது வரவு உறுதியன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் கடன் முளைக்கின்றது.

கடன் வாங்குதல் குற்றமன்று. வாங்கிய முதலை வட்டி விழுங்கத் தொடங்கும்போதே துன்பம் பிறக்கின்றது. 1929-ஆம் ஆண்டில் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி தோன்றியது. விளைபொருள்களின் விலை சரிந்தது. வாங்கிய கடனோ சரியவில்லை. ஒரு மூட்டை விற்று அடைத்திருக்கக்கூடிய கடனுக்குப் பல மூட்டைகள் தேவைப்பட்டன. எண்ணற்ற உழவர் நிலத்தை இழந்தனர்.

இந்நிலையில், இராசாசி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவை, 1938-ஆம் ஆண்டில் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபர் 1-ஆம் நாளுக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி நிலுவை தள்ளப்பட்டது. முதலைப்போல் இருமடங்கு செலுத்தியவர்க்குக் கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. கடனுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். எனினும், நீதிமன்றத் தீர்ப்புப் பெற்ற கடனைக் குறைக்க வேண்டின் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வாய்திறந்து கேட்டவர்க்கே சட்டம் துணைநின்றது.

இக்காலத்தில் கடன் வேறு உருவில் வருகின்றது. கையடக்கமான கடன் அட்டை ஒன்று போதும்; கையில் பணமின்றியே பொருள் வாங்கலாம். உரிய நாளில் முழுத்தொகையையும் கட்டுவோர்க்கு அது நன்மையே. கட்டத் தவறினால் நிலைமை யாது? மாதம் 3 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். 10,000 ரூபாய் நிலுவையில் ஒன்றும் செலுத்தாது விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓராண்டில் அது ஏறத்தாழ 14,258 ரூபாய் ஆகும். ஈராண்டில் 20,000 ரூபாயைக் கடந்துவிடும். தாமதக் கட்டணம் இக்கணக்கில் சேரவில்லை. ஓர் அட்டையின் கடனை அடைக்க மற்றோர் அட்டையை நாடுவது, எரியும் கூரையில் நெய் வார்ப்பதை ஒக்கும்.

அவ்வாறு சிக்கியவர் முதலில் செய்யத்தக்கது யாது? எவரிடம், எவ்வளவு, என்ன வட்டிக்கு என்று எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுத வேண்டும். அதனை வீட்டாரிடம் மறைத்தல் ஆகாது. புதுக்கடனை நிறுத்தி, உணவுக்கும் கல்விக்கும் உரியதை ஒதுக்கியபின் எஞ்சியதைக் கொண்டு, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைக்க வேண்டும். பின்னர் வங்கிக்குச் சென்று, தவணையை நீட்டித்துத் தருமாறு எழுத்தால் கேட்க வேண்டும். வசூலிக்க வருவோர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்பட்டவரை அழைத்தல் கூடாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியிடம் முறையிட்டு 30 நாள்களுக்குள் தக்க விடை பெறாதவர், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

வழக்காக மாறிய கடனையும் மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிப் பேசித் தீர்க்கலாம். 15100 என்னும் எண்ணில் இலவசச் சட்ட உதவி பெறலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றால் வருத்துவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

இவ்வழிகள் இருந்தும் பலர் நாணத்தால் வாய்மூடி வருந்துகின்றனர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொள்கின்றனர். கடனுக்கு ஈடாக வைக்கத்தக்கது உயிரன்று. மழை பொய்த்த ஆண்டில் கரிசற்காட்டு உழவர் நிலத்தைக் கைவிட்டு ஓடுவதில்லை. அடுத்த பருவத்துக்கு விதையைக் காக்கின்றனர். கடன்பட்டோரும் அவ்வாறே மனத்திண்மையைக் காத்து, காலந்தாழ்த்தாது உதவி நாடுதல் வேண்டும். அயலாரும் அவர்களை இகழாது, வழிகாட்டித் துணைநிற்றல் வேண்டும்.