குறைநோட்டு: மாணவர் பேரவையை உருப்படியாக நடத்த ஏழு படிகள்

ஆகஸ்டில் பதவியேற்பு. தோளில் பட்டை, சட்டையில் பேட்ஜ், மேடையில் உறுதிமொழி. பிறகு ஆசிரியர் தினம், கலைவிழா, பொங்கல், விளையாட்டு விழா, ஆண்டுவிழா என்று ஓடி, ஏப்ரலில் தேர்வோடு எல்லாம் முடிந்துவிடும். நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவையின் ஆயுசு இவ்வளவுதான். விழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விடுதி மூன்றாம் மாடியில் இருக்கும் பையன், தன் குழாயில் தண்ணீர் வந்ததா என்பதை வைத்துத்தான் பேரவைக்கு மதிப்பெண் போடுவான்.

அந்தத் தண்ணீரை வரவைக்கப் பெரிய அதிகாரம் தேவையில்லை. ஒரு நீளநோட்டும், அதை விடாமல் எழுதும் பழக்கமும் போதும்.

1. முதல் வாரம்: உங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேரவையின் விதிமுறை எழுத்தில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு நகல் வாங்குங்கள். மாணவர் தேர்தல்களுக்காக லிங்டோ குழு அளித்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-ல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு, 5,000 ரூபாய் செலவு வரம்பு போன்றவை அவற்றில் வருபவை. நீங்கள் தேர்தலில் வென்றவரானாலும் சரி, நிர்வாகம் நியமித்தவரானாலும் சரி, அந்தப் பரிந்துரைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்: மின்விசிறி யார் பொறுப்பு, மெஸ் யார் பொறுப்பு, மதிப்பெண் பட்டியல் யார் மேசை, பஸ் பாஸ் எந்த எழுத்தர். பாதிக் குறைகள் தீராமல் கிடப்பது தப்பான கதவைத் தட்டுவதால்தான்.

2. குறை இருக்கும் இடத்துக்குப் போங்கள்

புகார்ப்பெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தால் தூசிதான் சேரும். வாரத்தில் ஒரு கிழமை, ஒரு நேரம் குறித்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போய் உட்காருங்கள். மதியம் மெஸ், மாலை பேருந்து நிறுத்தம், இடையில் நூலக வாசல். மாலை ஷிஃப்ட் இருக்கும் கல்லூரி என்றால் அந்த மாணவர்களுக்குத் தனி நேரம் வேண்டும். காலை ஷிஃப்ட்டின் கூட்டம் அவர்கள் வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஓய்வறை, கழிவறை, நாப்கின் போன்றவற்றை மாணவிகளிடம் மாணவிகளே கேட்கட்டும். முதலாமாண்டுப் பிள்ளைகள் சீனியர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் வகுப்புப் பிரதிநிதியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். சக்கரநாற்காலியில் வரும் மாணவர் ஒருவரே இருந்தாலும் அவரோடு வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்த வாசலில் சரிவுப்பாதை இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

3. நோட்டைத் திறங்கள்

ஏழு பத்திகள் போடுங்கள்: எண், தேதி, குறை, எத்தனை பேருக்கு, யார் மேசை, மனு கொடுத்த தேதி, முடிந்த தேதி. சொன்னவர் பெயர் வேண்டாம்.

குறையைக் குறையாக எழுதுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. “மெஸ் சாப்பாடு சரியில்லை” என்பது பெருமூச்சு. “லேப் முடிந்து எட்டேகாலுக்கு வரும் மூன்றாமாண்டு மாணவர்களுக்குச் சப்பாத்தி தீர்ந்துவிடுகிறது, இந்த வாரம் மூன்று நாள்” என்பது குறை. முதலாவதைக் கேட்டால் வார்டன் சிரிப்பார். இரண்டாவதைக் கேட்டால் சமையல்காரரைக் கூப்பிடுவார்.

4. குறைகளை நான்காகப் பிரியுங்கள்

*நாமே செய்யக்கூடியவை:* அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்கு வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாமலோ, வங்கிக்கணக்கில் ஆதார் இணையாமலோ விட்டவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். விவரம் தெரிந்த இரண்டு சீனியர்கள் புதன்தோறும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். எந்த விழாவும் இவ்வளவு பயன் தராது.

*பணம் கேட்பவை:* குடிநீர் இயந்திரம், மின்விசிறி, பெஞ்சு.

*விதி மாறவேண்டியவை:* நூலக நேரம், விடுதி வாசல் மூடும் நேரம்.

*நாம் தொடக்கூடாதவை:* ராகிங், பாலியல் தொல்லை, சாதி சொல்லி இழிவுபடுத்துவது. இவற்றை நோட்டில் எழுதாதீர்கள், பஞ்சாயத்து பேசாதீர்கள், ‘சமாதானம்’ செய்துவைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் உரிய குழுவுக்குத் துணையாகப் போங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணைக் கொடுங்கள்.

5. மனு: ஒரு தாள், ஒரு விஷயம்

பன்னிரண்டு கோரிக்கைகளை ஒரே மனுவில் அடுக்கினால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். ஒரு மனுவில் நான்கே செய்திகள்: என்ன நடக்கிறது, யாருக்கு, என்ன கேட்கிறோம், எந்தத் தேதிக்குள். உதாரணம்:

“விடுதி மூன்றாம் மாடியில் காலை ஆறரை முதல் எட்டு வரை தண்ணீர் வருவதில்லை. அங்கே 42 பேர் இருக்கிறோம். மோட்டாரைக் காலை ஐந்தரைக்கே போட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரும் வெள்ளிக்குள் பதில் தந்தால் மாணவர்களுக்குத் தெரிவிப்போம்.”

கேட்டது புது மோட்டார் அல்ல, நேர மாற்றம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். செலவில்லாத தீர்வு ஒன்று இருந்தால் அதை முதலில் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு வாய்ப்பேச்சுக்குச் சமம்.

6. பதில் வராவிட்டால்

முதலில் ஒரு நினைவூட்டல். அதற்கும் அசையாவிட்டால், யுஜிசியின் 2023 விதிகளின்படி இருக்கவேண்டிய மாணவர் குறைதீர் குழுவிடம் போகலாம். புகார் கிடைத்த 15 வேலைநாட்களுக்குள் அது அறிக்கை தரவேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும் வழி உண்டு. 30 நாட்களில் பதில் தரவேண்டும். வாசலில் உட்கார்ந்து போராடும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் முத்திரை போட்ட மூன்று மனுக்களோடு உட்கார்ந்தவர்களை யாரும் ‘வெட்டிக்கூட்டம்’ என்று சொல்லமுடியாது.

7. பலகையில் எழுதுங்கள், கையில் ஒப்படையுங்கள்

மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் மூன்று பத்தி ஒட்டுங்கள்: முடிந்தவை, நடப்பவை, முடியாதவை. ‘முடியாதவை’ பத்தியைக் கூச்சப்படாமல் எழுதி, காரணத்தையும் சொல்லுங்கள். முடியாததைச் சொல்பவர்கள் ‘முடிந்தது’ என்றால்தான் மாணவர்கள் நம்புவார்கள். விழாவுக்கு வசூலித்த பணத்தின் வரவுசெலவும் பில்களோடு அதே பலகைக்கு வரட்டும். ரசீதுகளில் இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

மார்ச்சில், தேர்வு நெருங்கும் முன், இரண்டாமாண்டுப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு நோட்டு, மனுக் கோப்பு, பேரவை மின்னஞ்சலின் கடவுச்சொல் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். முடியாமல் நிற்கும் குறைகளை அவர்களோடு ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். அடுத்த ஆகஸ்டில் பட்டையும் பேட்ஜும் புதிதாக வரும். ஆனால் அவர்களின் முதல் கூட்டம் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து, ‘முடிந்த தேதி’ காலியாக இருக்கும் வரியிலிருந்து தொடங்கட்டும்.