திக்கிப் பேசுவோர் ஆன்லைனில் துணை தேட: செஞ்சிவாசிகளுக்குச் சில குறிப்புகள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிழக்கே போனால் திண்டிவனம், மேற்கே போனால் திருவண்ணாமலை. இரண்டுக்கும் முதல் எழுத்து 'தி'. அந்த எழுத்தில் நாக்கு நின்றுபோகிறவர், "எங்கப்பா, சீக்கிரம் சொல்லு" என்று கண்டக்டர் நிற்கும்போது என்ன செய்வார்? பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கும்வரை காத்திருந்து, "எனக்கும்" என்று விரலைக் காட்டுவார். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கல் உண்டு என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் செஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இவர் ஒருவர் மட்டும் இருக்க முடியாது. ஒருவரை ஒருவர் தெரியாது, அவ்வளவுதான்.

1. திக்கிப் பேசுகிறவர்கள் கூடும் குழுக்களைப் போனில் தேடும்போது ஆங்கிலத்தில் 'ஸ்டாமரிங்', 'ஸ்டட்டரிங்' என்ற இரண்டு சொற்களையும் போட்டுப் பாருங்கள். இந்திய, இங்கிலாந்துக் குழுக்கள் முதல் சொல்லையும் அமெரிக்கக் குழுக்கள் இரண்டாவதையும் புழங்குகின்றன. கூடவே 'செல்ஃப் ஹெல்ப் குரூப்', 'சென்னை' என்று சேருங்கள். 'செஞ்சி' என்று சேர்த்தால் கோட்டைதான் வரும். 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம்.

2. இந்தியாவில் முதலில் தட்ட வேண்டிய கதவு 'தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்'. சுருக்கமாக டிசா. 2008ல் தொடங்கிய அமைப்பு. திக்கிப் பேசுகிறவர்களே நடத்துவது. பல நகரங்களில் சுய உதவிக் குழுக்களும், வாட்ஸ்அப் குழுக்களும், ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. இந்தியும் ஆங்கிலமும்தான் அதிகம் புழங்கும். சேரும்போதே "தமிழ் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா?" என்று எழுதிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் நம் ஆட்கள்.

3. குட்மார்னிங் படம் மட்டும் ஓடும் குழுவால் பிரயோஜனம் இல்லை. வாரம் ஒருமுறையாவது குரலில் பேசுகிற கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஓரிரு கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டால் போதும். அப்புறம் பெயரை மட்டும் சொல்லுங்கள். பலருக்கு இதுதான் மலை. மற்ற சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாம். பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? 'மு... மு...' என்று நீங்கள் நிற்கும்போது "முருகனா?" என்று யாராவது முந்திக்கொண்டு முடித்துவைத்தால் அது சரியான குழு இல்லை. பத்து விநாடியோ இருபது விநாடியோ, எல்லோரும் வாயை மூடிக் காத்திருந்தால் அங்கேயே இருந்துவிடுங்கள். ஒரு குழுவின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

4. "ஒரே வாரத்தில் குணம், 100% கியாரண்டி" என்று வந்தால் உடனே வெளியேறுங்கள். திக்கலை ஒரேயடியாகப் போக்கும் மாத்திரையும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. பயிற்சியால் குறையும், பேசும் பயம் விலகும். பயிற்சி கொடுப்பவர் 'ஸ்பீச் தெரபிஸ்ட்' என்று சொல்லிக்கொண்டால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நிஜமானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குழுவில் சேர ஆதார் எண்ணோ ஓடிபியோ யாருக்கும் தேவையில்லை.

5. குழுக்களிலும் கைவைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கும். நாக்கில் வசம்பு தேய், கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசு என்பார்கள். கூழாங்கல் கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனிஸ் கதை. நம் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கினால் வேறு கதை ஆகிவிடும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நல்லதல்ல என்று அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கவே தடை. திக்கலுக்குக் காரணம் நாக்குத் தடிப்பு அல்ல. பரம்பரையும், பேச்சை ஒழுங்குசெய்யும் மூளையின் வேலையும் சேர்ந்தது. பாட்டி கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

6. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்கல் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும். ஆறு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ காத்திருக்காதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. 1965ல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் ஆன்லைன் சிகிச்சையும் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் கூட இருக்கும்போது மட்டும் குழுக்கூட்டத்தில் சேரட்டும். வீட்டில் "மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்வதை நிறுத்துங்கள்.

7. பெரியவர்களில் திக்கிப் பேசும் ஆண்கள் ஏறக்குறைய நான்கு பேர் என்றால் பெண் ஒருவர்தான். அதனால் குழுவுக்குள் போகும் பெண், தான் மட்டும் தனி என்று மிரண்டு வெளியே வந்துவிடுவதுண்டு. பெண்களுக்கென்று தனிக் குழு இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள்.

8. அக்டோபர் 22 சர்வதேசத் திக்கல் விழிப்புணர்வு நாள். 1998 முதல் ஆண்டுதோறும் அதையொட்டி ஓர் ஆன்லைன் மாநாடு நடக்கிறது; அக்டோபர் 1 முதல் 22 வரை. கட்டுரை படித்து, கேள்வியை எழுத்தில் கேட்கலாம். வாயே திறக்க வேண்டாம் என்பதால் புதியவருக்கு நல்ல வாசல். ஆங்கிலம் தடுத்தால் போனிலேயே மொழிபெயர்த்துப் படியுங்கள்.

9. வீட்டுக்கு ஒரே போன் என்றால் கூட்ட நேரத்தை முன்கூட்டியே சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்செட் போட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவது உத்தமம்.

10. சிரிக்கத் தெரிந்த குழு கிடைத்தால் பாக்கியம். 1957ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசுவார். "எப்போதும் திக்குமா?" என்று கேட்டவரிடம், "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்றாராம். சினிமாவில் திக்குகிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். இங்கே திக்குகிறவரே சிரிக்கவைக்கிறார்.

11. குழுக்களில் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள்: வேண்டுமென்றே கொஞ்சம் திக்கி, முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டும். கோட்டை டிக்கெட் கவுண்டரில் "எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேளுங்கள். பதில் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

12. தமிழில் தோதான குழு கிடைக்கவில்லையா? இரண்டு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். ஞாயிறு மாலை ஏழு மணி என்று நேரத்தைக் கட்டிவிடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், யாரும் குறுக்கிடக் கூடாது, கேட்காமல் யாரும் யோசனை சொல்லக் கூடாது. குரலையோ வீடியோவையோ பதிவு செய்யக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிர்வாகிகளாக இருவரைப் போடுங்கள். ஒருவர் ஊருக்குப் போன வாரமும் கூட்டம் நடக்கும்.